பீனியாவில் பிரஸ்ஸில் விரல் போனால் சட்டப்படி என்ன கிடைக்கும்?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்காக. தருமபுரிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கை வீட்டுக்காரருக்கு 30 வயது. பெங்களூர் பீனியாவில் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டர் மூலமாக வேலை, மாதம் 16,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. ஆஸ்பத்திரி பில்லை முதலாளி கட்டிவிட்டார். இப்போது 70,000 ரூபாய் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடு என்கிறார்களாம். தாள் கன்னடத்தில் இருக்கிறது. "வாங்கிக்கொள்ளலாமா? சண்டை போட்டால் அதுவும் கிடைக்காமல் போய்விடுமா?" என்பது கேள்வி.

கையெழுத்துப் போட வேண்டாம். மேலே படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பீனியாவில் ஒரு கம்பெனியில் பல வருஷம் டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு) பார்த்தவன். அதன் பிறகு தொழிலாளர் வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி பக்கத்து மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன், எதிர்ப் பக்கத்து மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் ஒன்று நிச்சயமாகச் சொல்வேன். 70,000 என்று யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை. உண்மைத் தொகை என்னவென்று அந்தப் பக்கத்தில் ஒருவருக்காவது தெரியும். தெரியாதவர் உங்கள் மாப்பிள்ளை ஒருவர்தான்.

முதலில் பார்க்க வேண்டியது அவர் இ.எஸ்.ஐ.யில், அதாவது அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில், இருக்கிறாரா என்பது. வேலையிடத்துக் காயத்துக்குப் பணம் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இ.எஸ்.ஐ., இன்னொன்று 1923ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம். இரண்டிலும் ஒரே காயத்துக்கு வாங்க முடியாது. இ.எஸ்.ஐ.க்குள் வருகிறவர் முதலாளி மேல் அந்த இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு கதவைச் சாத்துகிறது. இது தெரியாமல் வழக்குப் போட்டு, மூன்று வருஷம் அலைந்து, கடைசியில் "தவறான இடம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலை என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள் அதற்குள் வருவார்கள். இந்த 21,000ஐப் பார்க்கும்போது ஓ.டி. பணத்தைச் சேர்க்கக் கூடாது. ஆனால் சந்தா பிடிக்கும்போதும் பிறகு உதவித்தொகை கணக்குப் போடும்போதும் ஓ.டி. சேரும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 120 ரூபாய் பிடித்திருப்பார்கள். சம்பளச் சீட்டில் அந்த 120 இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே கொடுக்காத இடம் என்றால் அவருடைய ஆதாரை வைத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டால் பத்து இலக்க எண் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

பெயரே ஏற்றவில்லை என்றால்? இங்கேதான் பெரும்பாலோர் கைவிட்டுவிடுகிறார்கள். சந்தா "செலுத்தப்பட்டவர்" என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை, சந்தா "செலுத்தப்பட வேண்டியவராக இருந்தவர்" என்றும் சொல்கிறது. முதலாளி கட்டாமல் விட்டது முதலாளியின் குற்றம். இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ள 68ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு. காய்ச்சல், பிரசவம் போன்றவற்றுக்குத்தான் அந்த நாள் கணக்கெல்லாம்.

பீனியாவில் ஒரே ஷெட்டுக்கு இரண்டு பெயர்ப் பலகை பார்த்திருப்பீர்கள். அண்ணன் பெயரில் ஒரு கம்பெனி, தம்பி மனைவி பெயரில் ஒரு கம்பெனி. மெஷின்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், டீ ஒரே கெட்டிலில் வரும், ரிஜிஸ்டரில் மட்டும் இங்கே ஒன்பது பேர், அங்கே ஒன்பது பேர். பத்து என்ற எண்ணைத் தாண்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கான்ட்ராக்டர் ஆட்களையும் சேர்த்துத்தான் தலை எண்ண வேண்டும். எண்ணிப் பாருங்கள். இன்னொரு வேலையும் நடக்கும். விபத்து நடந்த மறுநாள் அவசர அவசரமாக ஆன்லைனில் பெயர் ஏற்றுவார்கள். ஏற்றியது நல்லதுதான், ஆனால் சேர்ந்த தேதியை விபத்துக்கு முந்தைய நாள் என்று போட்டிருந்தால் இ.எஸ்.ஐ. அலுவலகம் கேள்வி கேட்கும். உண்மையில் எத்தனை வருஷமாக வேலை செய்தார் என்பதற்கு உங்களிடம் சாட்சி இருந்தால் அது உங்களுக்குத்தான் பலம்.

இ.எஸ்.ஐ. உண்டு என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 16,000ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 615 ரூபாய் வரும். காயம் ஆறி வேலைக்குத் திரும்பும் வரை அதில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு சுமார் 550 ரூபாய். இதற்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பு இல்லை, இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் கொடுக்கும் வரை ஓடும். பிறகு மெடிக்கல் போர்டு உட்கார்ந்து சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று எழுதும். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்டத்தோடு இருக்கும் ஊன அட்டவணைப்படி 20 சதவீதம். அந்த 550இல் 20 சதவீதம் என்றால் நாளுக்கு 110, மாதம் சுமார் 3,300 ரூபாய், ஆயுள் முழுக்க. "3,300 ரூபாய்தானா?" என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். 30 வயது ஆளுக்கு இது இரண்டு வருஷத்திலேயே அந்த 70,000ஐத் தாண்டிவிடும், பிறகும் வந்துகொண்டே இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. காயத்துக்காக வீட்டில் இருக்கும் நாட்களில் வேலையை விட்டு நீக்குவதையும் 73ஆம் பிரிவு தடுக்கிறது.

விபத்தை இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 12ஆம் படிவத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் தொழிலாளியே கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆறு மாதம் கழிந்த பிறகு எழுதினால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன், முதலாளி பார்த்துக்கொள்கிறேன் என்றார் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஜோடனை வேண்டாம்.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள்ளேயே வராத இடம் என்றால், உதாரணமாக மொத்தமே ஏழு பேர் என்றால், 1923ஆம் வருஷச் சட்டம். பழைய ஆட்கள் இதை "ஒர்க்மென் காம்பன்சேஷன்" என்பார்கள், 2010இல் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் 2020ஆம் வருஷ சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன என்று படித்திருப்பீர்கள். உங்கள் மாப்பிள்ளையின் விபத்து அதற்கு முன்பு நடந்தது. விபத்து நடந்த நாளில் என்ன சட்டம், என்ன உச்சவரம்பு இருந்ததோ அதுதான் கணக்கு. புதிய தொகுப்பிலும் கணக்குப் போடும் முறையின் எலும்புக்கூடு இதேதான்.

கணக்கு இப்படி. ஒருவர் இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலையில், அதாவது முழு நிரந்தர ஊனத்தில், மாதச் சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்கு உரிய ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். இறந்துவிட்டால் 60க்குப் பதில் 50 சதவீதம். அந்த வயது எண் 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. வயது ஏற ஏற இறங்கும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000, அதற்கு முன்பு 8,000ஆக இருந்தது.

உங்கள் மாப்பிள்ளை 16,000 வாங்கினாலும் 15,000தான் கணக்கு. அதில் 60 சதவீதம் 9,000. அதை 207.98ஆல் பெருக்கினால் 18,71,820. இது முழு ஊனத்துக்கான தொகை. இரண்டு விரலுக்கு 20 சதவீதம் என்றால் 3,74,364 ரூபாய்.

70,000க்கும் இதற்கும் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். இது குறைந்தபட்சக் கணக்கு. அட்டவணையில் ஒரு விசித்திரம் உண்டு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம், நடுவிரல் முழுதாகப் போனால் 12 சதவீதம் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. கூட்டினால் 26. ஆனால் "ஒரு கையில் இரண்டு விரல்" என்ற வரியில் 20 என்று இருக்கிறது. ஆள்காட்டியும் நடுவிரலும் இல்லாமல் ஒரு ஸ்பானரைப் பிடிக்க முடியுமா என்று அட்டவணை எழுதியவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் வக்கீல் 26ஐ வாதாடினால் தவறில்லை.

அதைவிட முக்கியமான வாதம் வேறு. அட்டவணை கையைப் பார்க்கிறது, வேலையைப் பார்ப்பதில்லை. ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968 ஜூலையில் கீழே விழுந்தார், இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒரு கைதானே, பகுதி ஊனம்தானே என்றார் முதலாளி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே இவருக்கு இது முழு ஊனம் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பானது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்கப்பட வேண்டியதாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பு. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று சொன்னால் வக்கீலுக்குத் தெரியும். உங்கள் மாப்பிள்ளைக்கு 100 சதவீதம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பிரஸ் ஆபரேட்டருக்கு வலது கையின் இரண்டு முக்கிய விரல்கள் போனால் என்ன வேலை மிச்சமிருக்கிறது என்பதை டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு மேல் வட்டி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீதம் தனிவட்டி. 3,74,364க்கு வருஷம் ஏறக்குறைய 44,900 ரூபாய். நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம், அதுவும் தொழிலாளிக்கே வரும். முதலாளி இன்சூரன்ஸ் எடுத்திருந்தால்கூட இந்த அபராதம் பொதுவாக அவர் பையிலிருந்துதான் போக வேண்டும். சமரசப் பேச்சில் முதலாளியின் குரல் இறங்குவது இந்த இடத்தில்தான், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிச் செலவு ஒன்றரை லட்சம் நாங்கள்தானே கட்டினோம்" என்று நிச்சயம் சொல்வார்கள். கட்டட்டும். வேலைக் காயத்துக்கான மருத்துவச் செலவு முதலாளியுடையது என்று 4ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது, அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது.

இப்போது அந்தக் கன்னடத் தாள். என் டைம் ஆபீஸ் காலத்தில் இப்படிப்பட்ட தாள்களை நானே டைப் அடித்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். பெரும்பாலும் மூன்று விஷயம் இருக்கும். விபத்து என் கவனக்குறைவால் நடந்தது, எனக்குச் சேர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி எந்த அலுவலகத்துக்கும் போக மாட்டேன். சில தாள்களில் இன்னொரு வரி சேரும், நான் இந்தக் கம்பெனி ஊழியனே அல்ல, அன்றைக்கு நண்பனைப் பார்க்க வந்தேன் என்று. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 17ஆம் பிரிவு. மொத்தத் தொகைக்குச் சமரசம் செய்தால் அதை ஆணையரிடம் (இந்த இழப்பீட்டு வழக்குகளைக் கேட்கும் அதிகாரி) பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்யாத ஒப்பந்தத்தால் முதலாளியின் பொறுப்பு தீராது என்பது 28, 29ஆம் பிரிவுகள். ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் பயப்பட வேண்டாம். ஆனாலும் போடாமல் இருப்பதே மேல். பின்னால் வழக்கில் அந்தத் தாளை எடுத்து நீட்டி, "பாருங்கள், இவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்பார்கள், அதற்குப் பதில் சொல்லவே இரண்டு வாய்தா போகும்.

கவனக்குறைவு என்ற வார்த்தைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தில் தொழிலாளியின் சாதாரணக் கவனக்குறைவு ஒரு காரணமே இல்லை. யார் தப்பு என்று பார்க்காமல் கொடுப்பதுதான் இதன் அடிப்படை. குடித்திருந்தது, தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, காவல் கம்பியையோ சென்சாரையோ தெரிந்தே கழற்றியது, இவை மட்டும்தான் முதலாளி சொல்லக்கூடிய சாக்கு. அவற்றை நிரூபிக்கும் வேலையும் அவருடையது. மரணமோ முழு நிரந்தர ஊனமோ என்றால் இந்தச் சாக்குகளும் எடுபடாது. பீனியாவில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சென்சாரை அணைக்கச் சொல்வது யார் என்று. ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் வேண்டும், சென்சார் இருந்தால் ஒவ்வொரு முறையும் கையை வெளியே எடுக்க வேண்டும், எண்ணிக்கை விழாது. சூப்பர்வைசர் வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போவார். பெடலை மிதிக்கிற காலும் ஷீட்டைத் தள்ளுகிற கையும் ஒரே தாளத்தில் பழகிவிடும். பன்னிரண்டாவது மணி நேரத்தில் தாளம் ஒருமுறை தப்பும். டைக்குள் (தகட்டை வெட்டும் அச்சுக்குள்) நிற்கும் விரல் எதுவென்று பார்த்தால் எப்போதும் ஆள்காட்டியும் நடுவிரலும்தான், தகட்டைப் பிடிப்பது அவைதானே.

கான்ட்ராக்டர் ஆள் என்று கம்பெனி கை கழுவப் பார்த்தால் 12ஆம் பிரிவைச் சொல்லுங்கள். கம்பெனியின் வழக்கமான வேலையை, கம்பெனியின் இடத்தில், கான்ட்ராக்டர் ஆளைக் கொண்டு செய்தால், கம்பெனியே இழப்பீடு கொடுக்க வேண்டும். பிறகு கான்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்வது அவர்கள் பாடு. மனுவில் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். கான்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாலும் கம்பெனி அங்கேயேதான் இருக்கும். தினக்கூலி, தற்காலிகம் என்பதெல்லாமும் இங்கே எடுபடாது. 2000இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தற்காலிக ஆளையும் இந்தச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது.

எங்கே மனுப் போடுவது? இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஊருக்குத் திரும்பிப் போன நம் ஆட்கள் பலர் இது தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள். 21ஆம் பிரிவின்படி விபத்து நடந்த இடத்தில் போடலாம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்தில் போடலாம், காயம்பட்டவர் வழக்கமாக வசிக்கும் இடத்திலும் போடலாம். இறந்திருந்தால் குடும்பத்தார் வசிக்கும் இடத்தில் போடலாம். உங்கள் மாப்பிள்ளை ஊரிலேயே தங்கிவிட்டார் என்றால் உங்கள் மாவட்டத்தைப் பார்க்கும் தொழிலாளர் துணை ஆணையரிடம் தமிழிலேயே மனுக் கொடுத்து, முதலாளியை அங்கே வரவழைக்கலாம். கர்நாடகத்தில் இந்த ஆணையர் வேலையை நீதிபதிகள் பார்க்கிறார்கள், அங்கே கோர்ட் நடைமுறை. நான் இரண்டையும் பார்த்தவரை சொல்வது, சாட்சிகளும் டாக்டரும் பெங்களூரில் இருந்தால் பெங்களூரே சௌகரியம். சாட்சி சொல்ல வந்து போக ஒரு நாள் கூலியை இழக்கிற சக தொழிலாளியைத் தருமபுரி வரை இழுப்பது கஷ்டம். ஆனால் சாட்சி சொல்லக் கூடவே வேலை செய்த ஒருவரும் முன்வராத நிலை என்றால், ஊர்தான் நல்லது.

காலக்கெடு இரண்டு வருஷம். 2027 ஆகஸ்டு வரை இருக்கிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள், சிசிடிவி பதிவு அத்தனை நாள் நிற்காது.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்ற கவலைக்கு, இலவசச் சட்ட உதவிச் சட்டத்தில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பே பார்க்காமல் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு இணைப்பார்கள். கோர்ட் வாசலில் "வந்தால் பாதி எனக்கு" என்று பேசுகிறவர்கள் வருவார்கள். வரும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்துவது வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்ட காரியம். அப்படிப் பேசுகிறவர் வக்கீலாக இருந்தாலும் புரோக்கராக இருந்தாலும் தள்ளியே நில்லுங்கள். தீர்ப்பு வந்த பிறகு முதலாளி மேல்முறையீடு போக வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகை முழுவதையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதனால் இந்த வழக்குகள் மற்ற சிவில் வழக்குகள் மாதிரி தலைமுறை தலைமுறையாக இழுப்பதில்லை.

இதோடு சம்பந்தப்பட்ட இன்னும் இரண்டு மூன்று, கேட்காமலேயே சொல்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால்? இ.எஸ்.ஐ.யில் 2010 முதலே அதற்கு இடம் உண்டு. இழப்பீட்டுச் சட்டத்திலும் அது பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், அதிகாலை 3 மணி டியூட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இறந்துபோன வழக்கு அது, 2003இல் நடந்தது. துமகூரு ரோட்டில் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும் நம் ஆட்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு. நேரமும் பாதையும் வேலையோடு பொருந்த வேண்டும், நடுவில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் சிக்கல்.

நிரந்தரமாக எதுவும் போகாமல், எலும்பு முறிந்து கொஞ்ச நாள் வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தின் 25 சதவீதம். முதல் மூன்று நாளுக்குக் கிடையாது, ஆனால் 28 நாளோ அதற்கு மேலோ நீண்டால் முதல் நாளிலிருந்தே கணக்கு. அதிக பட்சம் ஐந்து வருஷம். பிரஸ் சத்தத்தில் காது மந்தமாவதும் வேலை சார்ந்த நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வருஷக்கணக்கில் வேலை செய்தவர்கள் காதைப் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது கத்துகிறார் என்று வீட்டுக்காரம்மா சொல்லித்தான் பலருக்கும் தெரிய வருகிறது. இறந்துபோனவரின் குடும்பத்துக்கு முதலாளி நேராகக் கையில் கொடுக்கும் பணம் இழப்பீடாகக் கணக்கில் சேராது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்.

இனி சாட்சிக் காகிதங்கள். சம்பளம் வங்கியில் வந்தால் அந்த ஸ்டேட்மென்ட், கையில் கொடுத்தால் கான்ட்ராக்டர் ஜி-பே செய்த பதிவு, ஷிஃப்ட் பற்றி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, யூனிஃபார்மோடு மெஷின் பக்கத்தில் எடுத்த செல்ஃபி, கேட் பாஸ். போனை மாற்றாதீர்கள், மாற்றினால் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளத்தைக் காகிதத்தில் 11,000 என்று குறைத்துக் காட்டியிருந்தால் இந்த ஜி-பே வரிகள்தான் உங்களைக் காப்பாற்றும்.

இவை எல்லாவற்றையும்விட ஒரு காகிதம் இருக்கிறது. விபத்தன்று முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி ரிஜிஸ்டரில், எப்படி அடிபட்டது என்று டாக்டர் எழுதிய ஒரு வரி. நான் டைம் ஆபீஸில் இருந்தபோது ஒரு பையனுக்கு இப்படித்தான் விரல் போனது. சூப்பர்வைசர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வலியில் பையனுக்கு வாய் பேச வரவில்லை, டாக்டர் கேட்ட கேள்விக்கு சூப்பர்வைசர் பதில் சொன்னார்: "பைக் செயினுக்கு ஆயில் விடும்போது மாட்டிக்கிச்சு சார்." டாக்டர் அதையே எழுதினார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸில் பையன் பெயருக்கு நேராக லீவு போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த இரண்டு வரியை உடைக்க அவன் வக்கீலுக்கு நான்கு வருஷம் ஆனது. நான் அந்த மேஜையிலிருந்து எழுந்து போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே வரும் திங்கட்கிழமையே உங்கள் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் அறைக்குப் போங்கள். அவருடைய ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.சி. ரிஜிஸ்டர் (விபத்து, போலீஸ் சம்பந்தப்பட்ட கேஸ்களைப் பதியும் ரிஜிஸ்டர்) நகலும் முழுக் கேஸ் ஷீட்டும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். "பிரஸ் மெஷின்" என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. "பைக் செயின்" என்று இருந்தால் கூட வேலை செய்தவர் ஒருவரை வைத்து முதலில் அதைச் சரிசெய்ய வழி பார்க்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அடுத்ததை அதற்குத் தகுந்தபடி சொல்கிறேன்.